ஒரு ஓ கூடிப்போச்சு

பல வருஷ வாடிக்கையாளர் ஒருவர், கோபத்தில் கணக்கை முடித்துக்கொள்வதாக மெயில் போட்டிருந்தார். சமாதானப்படுத்தும் வேலை என் தலையில் விழுந்தது. அவரும் தமிழ்க்காரர்தான். ஆனால் ஆபீஸ் மெயில் என்றால் இங்கிலீஷில்தானே உருக வேண்டும்? நாலு பத்தி உருகிவிட்டு, கடைசியில் 'வி டோன்ட் வான்ட் டு லூஸ் யூ' என்று முடித்தேன். உங்களை இழக்க மனமில்லையாம்.

அனுப்பிய பிறகுதான் பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்தார். "தம்பி, இழக்கிறதுக்கு ஒரு ஓதான். ரெண்டு ஓ போட்டா தொளதொளன்னு அர்த்தம். வினைச்சொல்லா வந்தா அவிழ்த்து விடறது."

அதாவது, 'உங்களைக் கட்டிப் போட்டிருக்கிறோம், அவிழ்த்துவிடும் உத்தேசமில்லை' என்று எழுதி, கீழே பணிவன்புடன் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

ஸ்பெல்செக் ஒரு சிவப்புக் கோடு கூடப் போடவில்லை. அதைச் சொல்லிக் குற்றமில்லை, அதன் கணக்கில் இரண்டுமே நல்ல வார்த்தைகள். நான் விடாமல் வாதாடினேன். "தேர்ந்தெடுக்கிற சூஸுக்கு மட்டும் ரெண்டு ஓ இருக்கே? அதுவும் இதே ஓசைதானே?" அக்கா அசரவில்லை. "இழக்கிற லூஸ் வண்டு மாதிரி முரலணும். தொளதொள லூஸ் பாம்பு மாதிரி சீறணும்." வண்டுக்குத் தமிழில் தனி எழுத்தே இல்லையே அக்கா, எனக்கு ரெண்டும் ஒரே லூஸுதான்!

இது முதல் தடவையும் இல்லை. போன மாதம் பேப்பர், பேனா தீர்ந்துவிட்டதை ஸ்டேஷனரி என்று எழுதும்போது, ஈ வர வேண்டிய இடத்தில் ஏ போட்டேன். ஏ போட்டால் 'அசையாமல் நிற்பது'. என்வலப்பின் முதல் எழுத்தை நினைவில் வை என்று அன்றைக்கும் பாடம் நடந்தது. ஆனால் ஊர் ஊராகச் சுற்றாமல் ஒரே இடத்தில் கடை போட்ட புத்தக வியாபாரியைத்தான் அந்தக் காலத்தில் ஸ்டேஷனர் என்றார்கள். நின்றவரும் அவரே, பேப்பர் விற்றவரும் அவரே. என்னைப் பார்த்துச் சிரித்தது அநியாயம்.

சரி, சாயங்காலம் பதில் வந்தது, தமிழிலேயே: 'ரெண்டு ஓ சரிதான் தம்பி. லூஸா இல்லாவிட்டால் இத்தனை வருஷம் உங்களிடம் கணக்கு வைத்திருப்பேனா? தொடர்கிறேன்.'

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். வாடிக்கையாளரை எப்படித் தக்கவைப்பது என்பதற்கு உதாரணமாக மொத்த ஆபீஸுக்கும் ஃபார்வர்ட் செய்துவிட்டார். அடியில் என் மெயிலோடு.