ரயில் பார்க்காத பிள்ளைகளுக்கு ஆங்கிலம்

வெளிநாட்டில் வாத்தியார் வேலை என்றால் நம் ஊரில் துபாயும் மஸ்கட்டும்தான் நினைவுக்கு வரும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் இறங்கிவிடக்கூடிய மாலத்தீவை யாரும் கணக்கில் வைப்பதில்லை. அங்கே வெளித்தீவுப் பள்ளிக்கூடங்களில் நம்மவர்களும் மலையாளிகளும் எத்தனையோ பேர் பாடம் நடத்துகிறார்கள். 1960களின் தொடக்கத்தில் தலைநகர் மாலேயில் ஆங்கில வழிக் கல்வி வந்து, மெல்ல மற்றத் தீவுகளுக்கும் பரவியது. உள்ளூர் மொழியான திவேஹியும் இஸ்லாமும் தவிர மற்றப் பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். அத்தனைக்கும் உள்ளூரில் ஆள் எங்கே கிடைக்கும்? ஹா தாலு என்ற தீவுக்கூட்டத்தில் ஒரு சின்னத் தீவுக்கு நான் போய்ச் சேர்ந்ததும் அந்தக் கணக்கில்தான்.

தூத்துக்குடிப் பக்கம் நான் பார்த்த பிள்ளைகள் மனப்பாடக் கட்டுரையை வரி பிசகாமல் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டால் மட்டும் சுவரைப் பார்ப்பார்கள். இங்கே அப்படியே தலைகீழ். கார்ட்டூனும் யூடியூபும் பார்த்து வளர்ந்த ஆறாம் வகுப்புப் பையன் என் உச்சரிப்பையே திருத்துவான். எழுதச் சொன்னால் நாலு வரிக்கு மேல் பேனா நகராது. புதிதாக வரும் ஆசிரியர்கள் இந்தப் பேச்சைக் கேட்டு ஏமாந்துபோவார்கள். எழுத்தும் தானாக வந்துவிடும் என்று நினைப்பார்கள், வராது.

சின்ன வகுப்புகளில் சிக்கல் இன்னும் அடியிலிருந்தே தொடங்குகிறது. திவேஹிக்கு தானா என்ற எழுத்து. வலமிருந்து இடமாகப் போகும்; எண்கள் மட்டும் நம்மைப் போல இடமிருந்து வலம். ஒரு பீரியடில் நோட்டை ஒரு பக்கமிருந்து திறந்த குழந்தை அடுத்த பீரியடில் எதிர்ப் பக்கமிருந்து திறக்க வேண்டும். ஆங்கில ‘பி’யும் ‘டி’யும் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குத் திட்டி என்ன பயன்? மலையாள ஆசிரியை ஒருவர் ஒவ்வொரு வரியின் இடது ஓரத்திலும் பச்சைப் புள்ளி வைத்து, அங்கிருந்து புறப்படச் சொல்வார். அந்த வகுப்பில் சத்தமே போட வேண்டியிருக்காது.

இலக்கணத்தில் எனக்குக் கொஞ்சம் வசதி இருந்தது. திவேஹியிலும் வினைச்சொல் தமிழைப் போலக் கடைசியில்தான் வரும். ‘ஐ யெஸ்டர்டே மாலே வென்ட்’ என்று ஒரு பிள்ளை எழுதினால் அது எங்கே சறுக்கியது என்று எனக்குச் சட்டென்று தெரியும். நானும் அந்த வழியாக வந்தவன்தானே. எங்களிடமிருந்து அவர்கள் பிடித்துக்கொண்டவையும் உண்டு. வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டால், ‘டுமாரோ ஒன்லி, சார்’ என்பார்கள். அசல் நம்ம ஊர் ஆங்கிலம்.

மேல் வகுப்புக்குத் தேர்வு கேம்பிரிட்ஜ் முறையில். பயிற்சிப் புத்தகங்களில் ரயில் நிலையம், மலையேற்றம், இலையுதிர்காலம் என்று வந்துகொண்டே இருக்கும். இந்த நாட்டில் ரயில் இல்லை, ஆறும் இல்லை. இயற்கையாக அமைந்த நிலத்தில் ஆக உயரமான இடமே கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான். குன்று ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தபோது பின் பெஞ்சிலிருந்து ஒருவன், “அந்த போன் டவரைவிட உயரமா, சார்?” என்று கேட்டான். ஆமாம் என்றதும், “அப்புறம் எதற்கு அதில் ஏறுகிறார்கள்?” என்றான். நியாயமான கேள்வி.

ரயில் நிலையத்தில் ஒரு நாள் என்ற தலைப்புக்கு அரைப் பக்கத்தில் நின்றுபோன அவனையே, சூரை பிடிப்பதைப் பற்றி எழுதச் சொன்னேன். இரண்டு பக்கம் தாண்டியது. உயிரோடு வைத்திருக்கும் சின்ன மீன்களை இரையாக வீசுவது, கடல்மேல் தண்ணீரைப் பீய்ச்சி மீன் கூட்டம் துள்ளுவதுபோலக் காட்டுவது, முள் இல்லாத தூண்டிலில் சிக்கிய மீன் தலைக்குமேல் பறந்து தளத்தில் விழுந்து தானே கழன்றுகொள்வது, பிறகு அவித்து, புகையில் வைத்து, வெயிலில் காயப்போடுவது என்று ஒன்றுவிடாமல் இருந்தது. நான் சின்ன வயதிலிருந்து சம்பலில் தின்ற மாசிக் கருவாட்டின் பிறப்பை அவன் நோட்டில்தான் முழுசாகப் படித்தேன். காலங்கள் எல்லாம் குழம்பிக் கிடந்தன, முற்றுப்புள்ளியைக் காணோம். ஆனால் திருத்துவதற்கு இப்போது ஏதோ ஒன்று இருந்தது. வெற்றுத்தாளை எப்படித் திருத்துவது?

பெண் பிள்ளைகளுக்குப் படகு அனுபவம் குறைவு. அவர்கள் எழுதியது மாலேயைப் பற்றி. பிள்ளைகளின் படிப்புக்காகவே தீவை விட்டுப்போய், அங்கே ஒற்றை அறைக்கு வாடகை கொட்டும் குடும்பங்கள் ஏராளம். சித்தி வீட்டில் ஏழு பேர் ஒரே அறையில் படுப்பதை ஒருத்தி எழுதியிருந்தாள். அவளும் படிக்க மாலேக்குப் போக வேண்டியவள்தான். போக விருப்பமில்லை என்பதைக் கடைசி வரியில் மட்டும் சொல்லியிருந்தாள்.

சம்பளம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ருஃபியாவில் வரும், அதை டாலராக மாற்றி ஊருக்கு அனுப்புவது தனிப் போராட்டம். போகிறவர்கள் ஒப்பந்தத்தில் வீட்டு வாடகையையும் விமான டிக்கெட்டையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எங்களுக்கு மேலே லீடிங் டீச்சர் என்று ஒருவர் இருந்தார், அதே தீவுக்காரர். வாராவாரம் நோட்டுகளை வாங்கிப் பார்ப்பார். சூரைக் கட்டுரையைப் பார்த்ததும், “போர்ஷன் எங்கே போகிறது, சார்? தேர்வில் மீன்பிடி வருமா?” என்று கேட்டார். வர்ணனைக் கேள்விக்கு எந்த இடத்தையும் எழுதலாம், ஒரு படகும் ஓர் இடம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். பதில் சொல்லாமல் நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். மறுநாள் திரும்பி வந்தபோது காலப் பிழைகள் எதையும் அவர் தொட்டிருக்கவில்லை. இரைமீன் பிடிக்கும் வலையைப் பற்றிப் பையன் எழுதியதை அடித்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் நாலு வரி எழுதியிருந்தார். அவருடைய அப்பா மீனவர். ஒன்பதாம் வகுப்புக்கும் இதே தலைப்பைக் கொடுங்கள் என்று கீழே ஒரு குறிப்பும் இருந்தது.