தாயுமானவருக்கு நேர்ந்த வாழைத்தார்

காந்தி மார்க்கெட் பக்கம் வாழைக்காய் மண்டியில் பூவன் தார் ஒன்று வாங்கினோம். மாப்பிள்ளை தோளில் தூக்கிக்கொண்டார். பங்குனி மாதத்துத் திங்கட்கிழமை, முகூர்த்த நாள் வேறு. சின்னக் கடைவீதி தாண்டி மலைக்கோட்டை வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது. வழியில் தாரைப் பார்த்த பெண்கள் இரண்டு பேர் நாங்கள் எதுவும் சொல்லாமலேயே சிரித்துக்கொண்டு, "என்ன குழந்தை?" என்று கேட்டார்கள். திருச்சியில் தோளில் தாரோடு மலைக்கோட்டைக்குப் போனால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, சுகப்பிரசவத்துக்காகத் தாயுமானவருக்கு நேர்ந்த தார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அடிவாரத்து மாணிக்க விநாயகரைக் கும்பிட்டு நிமிரும் முன்பே ஒருவர் பிடித்துக்கொண்டார். "நேர்த்திக்கடனா? உள்ள நமக்கு ஆள் இருக்கு, நேரா சந்நிதில நிறுத்திடுறேன்" என்று பேரம் பேசிக்கொண்டே படி படியாகக் கூட வந்தார். வேண்டாம் என்று சொன்னால் காதில் விழவே இல்லை. இன்னொருவர் குழந்தையின் முகத்தைப் பார்த்து, "கண் பட்டிருக்கும்மா, கயிறு கட்டாம மேல கொண்டுபோகாதீங்க" என்று என் மகளிடம் சொன்னார். பிள்ளை பெற்றுச் சில மாதமே ஆனவளிடம் இப்படிப் பயமுறுத்தி ஒரு கறுப்புக் கயிறை விற்க வேண்டுமா? தாயாக வந்தவர் வீற்றிருக்கிற மலையில் நின்றுகொண்டு ஒரு தாயை மிரட்ட எப்படி மனசு வருகிறது? கேட்டேவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் அடுத்த கைக்குழந்தையைத் தேடிப் போய்விட்டார். கோயில் நிர்வாகம் இவர்களை வாசலிலேயே தடுத்தால் புண்ணியமாகப் போகும்.

கூட்டத்தில் முக்கால்வாசி உச்சிப் பிள்ளையாரைப் பார்க்கப் போகிறவர்கள். நடுமலையில் இருக்கிற தாயுமானவரை எட்டிக்கூடப் பார்க்காமல், மேலே போய்ப் படம் எடுக்கிற அவசரத்தில் இடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். எனக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்து நின்றுதான் ஏறினேன். குழந்தையை மாடி வீட்டு அக்கா வைத்திருந்தார். அவரை அன்றைக்குக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு ஊர் தூத்துக்குடி மாவட்டம் ஏரல். மகளைத் திருச்சியில் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம், முறைப்படி வளைகாப்பு போட்டு ஏரலுக்குத்தான் கூட்டி வந்திருக்க வேண்டும். ரத்தக் கொதிப்பு கூடுகிறது, இவ்வளவு தூரம் பயணம் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சரி, அவள் வர முடியாவிட்டால் நான் போகிறேன் என்று தயாரானேன். அவளுக்கு மாமியாரும் இல்லை. தை பிறந்து பிரசவம் என்று நாள் சொல்லியிருந்தார்கள். பேறுகால மருந்து இடித்து, லேகியம் கிண்டி, அவள் அப்பாவின் பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து மடித்து, எல்லாவற்றையும் பையில் வைத்து, மார்கழி இரண்டாம் தேதிக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

மார்கழி ஒன்றாம் தேதி, 2023 டிசம்பர் 17. தெற்கத்தி ஜனங்கள் யாரும் அந்த ஞாயிற்றுக்கிழமையை மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. அக்கம்பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் தங்கள் கஷ்டத்தோடு கஷ்டமாக அந்தப் பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டதைப் பிற்பாடுதான் கேள்விப்பட்டோம். எங்கள் ஊருக்குள் வந்த தண்ணீர் வீட்டுக்குள்ளும் வந்தது. கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினோம். மகளுக்கென்று வைத்திருந்த அந்தப் பையையும் தலையில் வைத்து ஏற்றினேன்.

அன்று சாயங்காலம் கடைசியாக அவள் போனில் சொன்னது இதுதான்: "ம்மா, இடுப்பு ஒரு மாதிரி வலிக்கி. சூட்டு வலியாத்தான் இருக்கும்." அதோடு டவர் போய்விட்டது. கரண்டும் இல்லை.

சூட்டு வலி இல்லை என்று எனக்குத் தெரியாதா? இரண்டு பிள்ளை பெற்றவள். மாப்பிள்ளை அந்த வாரம் வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்பதும் தெரியும். சுற்றிலும் தண்ணீர். ஊரைத் தாண்டிப் போகிற பாதை எல்லாம் ஆறாகிவிட்டது. எங்கள் ஊர்ச் சேர்மன் சாமியைக் கூப்பிட்டேன், திருச்செந்தூரானைக் கூப்பிட்டேன். பிறகு திடீரென்று ரத்னாவதி கதை நெஞ்சில் வந்து நின்றது. திருச்சியில் வலியோடு மகள், பூம்புகாரிலிருந்து மருந்து மூட்டையோடு கிளம்பிய அம்மா, நடுவில் காவிரி வெள்ளம், அந்த அம்மாவின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்த சிவன். எத்தனையோ தடவை கேட்ட கதை. அந்த இருட்டில், நனைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே சொன்னேன்: "அய்யா, தாயுமானவரே, என்னால போக முடியல. நீரு போயி நில்லும். எம் பிள்ளை பிழைச்சு எந்திரிச்சா உமக்குத் தார் கொண்டாந்து சேர்க்கேன்."

மறுநாளும் மழை விடவில்லை. அதற்கடுத்த நாள் கடற்கரை ஊரிலிருந்து மீனவத் தம்பிகள் படகோடு வந்தார்கள். பாலும் ரொட்டியும் கொடுத்த ஒரு தம்பியிடம் மகளின் நம்பரை எழுதிய சீட்டைக் கொடுத்து, டவர் கிடைக்கிற இடத்தில் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னேன். அவருக்கு எத்தனை பேர் எத்தனை வேலை சொல்லியிருப்பார்கள்? அந்த நனைந்த சீட்டை அவர் தொலைத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மறுநாள் படகு தெருமுனையில் திரும்பும்போதே கையை ஆட்டிக்கொண்டு கத்தினார்: "ஆச்சி! ஆம்பளப் பிள்ள! தாயும் பிள்ளையும் சொகமா இருக்காங்களாம்!"

என்னை முதன்முதலில் ஆச்சி என்று கூப்பிட்டது அவர்தான். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எந்த ஊரில் இருந்தாலும் அந்தத் தம்பியும் அவர் குடும்பமும் வலை நிறைந்து வாழ வேண்டும்.

தண்ணீர் வடிந்து, கிடைத்த வண்டியெல்லாம் மாறி மாறித் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். மகள் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். வாசல் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மனைப்பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, என் பேரனைக் காலில் போட்டு ஓர் அம்மாள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தலையை உருட்டித் தேய்த்து, மூக்கை நீவி, வெந்நீரைக் கையில் வாங்கி வாங்கி ஊற்றி, நான் எப்படிச் செய்வேனோ அப்படியே. மாடி வீட்டில் குடியிருக்கிறவர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு மகளின் முனகல் கேட்டு இறங்கி வந்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, திங்கட்கிழமை மத்தியானம் குழந்தையை முதலில் கையில் வாங்கியதும் அவர்தான். பூண்டு ரசம், பத்தியச் சோறு, சாம்பிராணிப் புகை, ஒன்று குறையவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், வாசலில் நின்ற அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷத்தைவிட ஏக்கம்தான் முதலில் வந்தது. அந்த மருந்துப் பையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு வார்த்தை அறிமுகம் இல்லை. "வந்துட்டீங்களா? இந்தாங்க, உங்க பேரன். தொவட்டி விடுங்க" என்று குழந்தையைத் துண்டோடு என் கையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். "அம்மா வந்தாச்சு, இனி எனக்கென்ன வேலை" என்று சொல்லிக்கொண்டே படியேறிப் போய்விட்டார்.

இனி மலைக்கு வருகிறேன்.

மட்டுவார்குழலி அம்மையைத் தரிசித்துவிட்டுச் சுவாமி சந்நிதி வரிசைக்கு வந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. உள்ளே ஒரே நெரிசல், புழுக்கம். குழந்தை சிணுங்க ஆரம்பித்தான். தாரை அர்ச்சகர் வாங்கிச் சுவாமி முன்னால் வைத்தார். நிமிர்ந்து பார்த்தேன். நெடிதுயர்ந்த லிங்கத் திருமேனி, விபூதிப் பட்டை, மாலை. சாரமா முனிவர் பூசைக்கு வளர்த்த செவ்வந்திப் பூ உறையூர் ராஜாவுக்குப் போனதற்காக, கோபத்தோடு உறையூரைப் பார்த்து மேற்கே திரும்பியவர். கொடிமரம் இன்னும் கிழக்கே அவர் முதுகுப்புறம்தான் நிற்கிறது. ஓர் அடியாருக்காகத் திசையை மாற்றினார், ஒரு பெண்ணுக்காக உருவத்தையே மாற்றினார்.

நான் முன்னால் நின்றேன். மகளும் மாப்பிள்ளையும் பக்கத்தில். அக்காவைக் காணோம். திரும்பினால் குழந்தையை மகள் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் தூணோரம் ஒதுங்கி நிற்கிறார். "வாங்கக்கா முன்னால" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "நேர்ந்துகிட்டவங்க நீங்க, நீங்க நில்லுங்க. எனக்கு இங்கிருந்தே நல்லாத் தெரியுறாரு" என்றார்.

அர்ச்சகர் குழந்தையின் நட்சத்திரம் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வாய் வரவில்லை. பின்னாலிருந்து குரல் வந்தது: "சதயம், கும்ப ராசி."

அதற்குமேல் நிற்க முடியவில்லை, அழுதுவிட்டேன். ரத்னாவதியைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அன்று அந்தப் பூம்புகார் அம்மாதான் கண்முன் நின்றாள். வெள்ளம் வடியும் வரை கரையில் தவித்துவிட்டு, ஓட்டமும் நடையுமாக வந்து, மகள் வீட்டு வாசலில் மூட்டையோடு நின்றவள். உள்ளே தன்னைப் போலவே ஒருத்தி, தான் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் என் மாதிரி ஒரு நிமிஷம் நெஞ்சு வாடியிருக்காதா? அது சுவாமிக்குத் தெரிந்திருக்கிறது. உலகத்தையே படைத்தவர், இரண்டு தாய் எதற்கு, நான் போதும் என்று இருந்திருக்கலாம். பெற்றவள் வந்ததும் மறைந்துவிட்டார். வெந்நீர் போட்டார், மருத்துவம் பார்த்தார், நன்றி வாங்கிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. மகளுக்காக வந்தது ஓர் அன்பு என்றால், அம்மாவுக்காக விலகிக்கொண்டது இன்னோர் அன்பு. இத்தனை வருஷமாகக் கதை கேட்டும் அந்த இரண்டாவதை நான் பார்த்ததே இல்லை. கற்பூரம் காட்டியபோது கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை எழவில்லை. அப்பா, நீ சீட்டு வாங்கிப் போன படகுக்காரனாகவும் வந்தாய், தூங்காமல் காது கொடுத்த மாடி வீட்டுக்காரியாகவும் வந்தாய், ரயிலில் தவித்தவர்களுக்கு உலை வைத்த கிராமத்துப் பெண்களாகவும் வந்தாய். உன்னை நான் வேறு எங்கே தேடுவேன்? "நகருங்க, நகருங்க" என்று தள்ளினார்கள். நகர்ந்தது எப்படி என்று எனக்கு நினைவில்லை.

தாரில் பாதியைப் பிரசாதமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இறங்கும்போது படியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் மகள் தன் கையால் கொடுத்தாள். கயிறு விற்றவரும் கையை நீட்டினார். அவருக்கும் இரண்டு பழம் கொடுத்தாள். எனக்கும் கோபம் போயிருந்தது. உச்சிப் பிள்ளையாரை அன்றைக்கு மேலே போய்ப் பார்க்க முடியவில்லை. வெயில் ஏறிவிட்டது, குழந்தையும் பசிக்கு அழுதான், முழங்காலும் கேட்கவில்லை. கீழிருந்தே கும்பிட்டோம்.

வாசலில் செருப்பை மாட்டும்போது அக்கா ஒரு விஷயம் சொன்னார். திருப்பூரில் இருக்கிற அவர் மருமகளுக்கு ஆவணியில் பேறுகாலம். அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை, இவருக்கும் சர்க்கரை ஏறி இறங்குகிறது, தனியாக எப்படிச் சமாளிக்கப் போகிறேனோ என்றார். சித்திரைத் திருவிழாவில் இங்கே, ரத்னாவதிக்குச் சுவாமி பிரசவம் பார்த்ததை நடத்திக் காட்டுகிற செட்டிப்பெண் மருத்துவம் நடக்கும். அன்று மருந்தும் தைலமும் பிரசாதமாகக் கொடுப்பார்கள். நானே வந்து வாங்கி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆடி அமாவாசைக்குச் சேர்மன் கோயில் திருவிழா முடிந்ததும் ஏரலிலிருந்து கிளம்பித் திருப்பூருக்குப் போய், பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும் வரை அங்கேயே இருப்பதாகவும் சொல்லியாயிற்று. லேகியத்துக்குச் சாமான் இந்த மாதமே வாங்க வேண்டும்.