புள்ளியைத் தின்ற சர்வர்

ஒரு நூலகத்தின் உறுப்பினர் பட்டியலைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தோம். கிளைக்கு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது விவரங்களைக் குறியிட்டு எழுதிவைக்கும் கோப்பு. என் மடிக்கணினியில் எல்லாம் ஒழுங்காக ஏறின. அங்கே சர்வரில் ஏற்றிய மறுநாள் காலையிலேயே போன் வந்தது. "சார், பேரெல்லாம் ஏதோ பிரெஞ்சு மாதிரி வருது."

திரையைப் பார்த்தேன். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி. மறுபடி அதே ஏ, அதே ஆர். பழகியவர்களுக்குப் பார்த்ததுமே நோய் தெரிந்துவிடும். கணினி எழுத்துகளைப் பைட்டுகளாக, அதாவது 0 முதல் 255 வரையான எண்களாகத்தான் சேமிக்கும். யுடிஎஃப்-8 என்ற முறையில் (இத்தகைய முறைக்கு என்கோடிங் என்று பெயர்) தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். முதல் பைட் எப்போதும் 224, அடுத்தது 174 அல்லது 175. அதை விண்டோஸ்-1252 என்ற பழைய மேற்கத்திய முறை என்று எண்ணிப் படித்தால் 224 அந்தச் சாய்கோட்டு ஏ ஆகிவிடும், 174 வட்டத்து ஆர்.

நோய் தெரிந்தது. யாரிடமிருந்து தொற்றியது என்பதில்தான் கோட்டை விட்டேன். கோப்பு கொடுத்தவர்களுக்கு "உங்கள் என்கோடிங் தவறு" என்று கொஞ்சம் காரமாகவே ஒரு மின்னஞ்சல். அதை அனுப்பிய பிறகுதான் கோப்பைப் பைட் பைட்டாகத் திறந்து பார்க்கத் தோன்றியது. சுத்தமான யுடிஎஃப்-8. முதல் வரியிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

தப்பு என் நிரலில் இருந்தது. கோப்பை, பைட்டுகளை எழுத்துகளாக மாற்றித் தரும் ஜாவா மொழியின் ஃபைல்ரீடர் வழியாகப் படித்து, கிடைத்த எழுத்துகளைப் பார்சரிடம் (எக்ஸ்எம்எல்லைப் பிரித்துப் படிக்கும் நிரல்) கொடுத்திருந்தேன். எழுத்துகளாகவே கையில் வந்துவிட்டால் முதல் வரியில் என்கோடிங் என்ன சொன்னாலும் பார்சர் கண்டுகொள்ளாது. ஃபைல்ரீடரோ, என்கோடிங்கை நாம் சொல்லாவிட்டால், 2022இல் வந்த ஜாவா 18க்கு முன்பு வரை இயங்குதளம் எதைச் சொன்னதோ அதையே எடுத்துக்கொள்ளும். என் லினக்ஸில் அது யுடிஎஃப்-8. அந்த விண்டோஸ் சர்வரில் 1252. பைட்டுகளை அப்படியே பார்சரிடம் கொடுக்கும்படி மாற்றினேன். இரண்டு வரி வேலை. மன்னிப்புக் கடிதம் எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது.

மற்றக் கிளைகளை மறுபடி ஏற்றி முடித்தோம். ஒரு கிளையில் மட்டும், கோப்பு கெட்டுவிட்டது என்று நான் சொன்னதை நம்பி அதை அழித்துவிட்டிருந்தார்கள். பழைய கணினியும் போய்விட்டது. சரி, பிரெஞ்சைத் திரும்பப் பைட்டுகளாக்கினால் தமிழ் வந்துவிடும் என்று தைரியமாகத்தான் உட்கார்ந்தேன்.

பாதிதான் வந்தது. விண்டோஸ்-1252இல் 5 இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. அந்த இடங்களில் விழும் பைட் எதுவானாலும் ஜாவா ஒரே குறியைத்தான் போடும், கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. நம் புள்ளியின் கடைசி பைட் 141. உகரக் குறியின் கடைசி பைட் 129. ஏ 143, ஐ 144. தமிழில் புள்ளியும் உகரமும் இல்லாத பெயர் எத்தனை இருக்கும்?

ஏ, ஐ சிக்கலில்லை. ஏழுமலையை யாரும் ஐழுமலை என்று எழுதப்போவதில்லை. புள்ளியா உகரமா என்பதற்குப் பள்ளியில் படித்த இலக்கணம் கைகொடுத்தது. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ஆக குமார், முருகன், சுந்தரம் எல்லாருக்கும் முதலெழுத்து பிழைத்தது. வல்லின மெய்யில் சொல் முடியாது. இந்த இரண்டையும் நிரலில் எழுதி ஓட்டிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். பட்டியலைப் படித்த கிளை ஊழியர் சிரித்துவிட்டார். அசோக் அசோகு ஆகியிருந்தார், ரஞ்சித் ரஞ்சிது, ஸ்ரீநிவாசன் என்னவோ ஆகியிருந்தார். நன்னூலார் இவர்களை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கையால் திருத்தத் திருத்தப் பட்டியல் சுருங்கியது. எந்த விதிக்கும் அடங்காத சில பெயர்கள் கடைசியில் மிஞ்சின. அவர்களுக்குப் போன் போடுவதைத் தவிர வழியில்லை.

"சார், உங்க பேர் ராமுவா, ராமா?"

"வீட்ல ராமு. ஆபீஸ்ல ராம். ஏன், கார்டு ரத்தா?"

"இல்ல சார். பழைய கார்டுல எப்படி இருக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?"

தேடி எடுத்து வந்து படித்தார். ராமு. உகரத்தைப் போட்டுச் சேமித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். வேலு, அல்லது வேல்.