அரை ஏக்கர் வளவில் மூன்று வீடுகள்

கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்ல. மகாவலிக்குக் குறுக்கே நிற்கும் அந்தத் தடுப்பணை பார்வைக்கு ஒன்றும் பெரிதில்லை. ஆனால் 1976இல் அது திறக்கப்பட்ட பிறகுதான், கிழக்கே கடலுக்குப் போன ஆற்றில் ஒரு பங்கு வடக்கே திரும்பியது. எட்டுக் கிலோமீற்றர் அளவுக்கு மலைக்கடியில் சுரங்கத்தில் ஓடி, உக்குவளையில் மின்சாரம் தந்து, போவத்தென்ன வழியாகக் கலாவாவியை அடைகிறது அந்தத் தண்ணீர். அது போன திசையிலேயே நானும் தம்புள்ளை, கெக்கிராவை என்று பஸ் மாறி மாறிப் போனேன்.

கலாவாவிக் குளக்கட்டின் மேல் நின்றால் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர்தான். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டுவித்த குளம். இங்கிருந்து அநுராதபுரத்துத் திசாவாவிக்குப் போகும் பழைய வாய்க்கால், முதல் பதினேழு மைலில், மைலுக்கு ஆறு அங்குலம்தான் சரிகிறது. அந்தக் காலத்தில் எதை வைத்து அளந்தார்களோ!

நான் பார்க்கப் போனது குளத்தை அல்ல, அதற்குக் கீழே குடியேறிய மனிதர்களை. மகாவலித் திட்டத்தின் பாசனப் பகுதிகளில் ஒன்றான இதை எச் வலயம் என்பார்கள். குடும்பம் ஒன்றுக்கு இரண்டரை ஏக்கர் வயல், அரை ஏக்கர் வீட்டு வளவு. 1968இல் வரைந்த பெருந்திட்டம் முப்பது வருடத்துக்கானது, ஒன்பது லட்சம் ஏக்கருக்கானது. 1977இல் வந்த அரசாங்கம் அதைச் சுருக்கி, ஆறு வருடத்தில் முடிக்கப் புறப்பட்டது. காடு வெட்டவும் வாய்க்கால் கிண்டவும் அணை கட்டவும் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. கட்டி முடிந்ததும் அந்த வேலையும் முடிந்தது.

தம்புத்தேகமவுக்கு இந்தப் பக்கம் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு நின்றேன். எழுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் "வாங்கோ மகளே" என்ற மாதிரிச் சிங்களத்தில் உள்ளே கூப்பிட்டு இருத்தினார். கொத்மலை நீர்த்தேக்கத்துக்குள் ஊர் போனபோது கணவரோடும் கைக்குழந்தையோடும் இங்கே வந்தவர். தேயிலைக் குளிரில் வளர்ந்தவருக்கு இந்த வெயில் பழகவே பல வருடம் பிடித்ததாம்.

பிள்ளைகள் நான்கு பேர். வயலைத் துண்டாட முடியாது. காணிக்கு அரசு தந்த அனுமதிப்பத்திரத்தில் அடுத்த உரிமையாளராக ஒருவர் பெயரைத்தான் போடலாம், அது மூத்தவருக்குப் போயிற்று. இரண்டாமவர் இராணுவத்தில் சேர்ந்தார். மகள் கட்டுநாயக்காவில் தையல் ஆலைக்குப் போனார். கடைசி மகன் வளவின் மூலையில் வீடு கட்டிக்கொண்டு, அடுத்தவர் வயலில் கூலிக்கும் குத்தகைக்கும் விதைக்கிறார். இராணுவத்திலிருந்து திரும்பியவருக்கும் அதே வளவில்தான் வீடு. ஒரு குடும்பத்துக்கென்று அளந்த அரை ஏக்கரில் இப்போது மூன்று அடுப்பு எரிகிறது.

காணியையும் தண்ணீரையும் அங்குலக் கணக்கில் அளந்தவர்கள், அந்தக் குடும்பத்துக்குப் பிள்ளைகள் பிறப்பார்கள் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. எச் வலயத்தில் நான் கண்ட குறைகளுள் இதுதான் பெரியது. சிறுபோகத்தில் குளம் வற்றினால் 'பெத்ம' என்று ஒரு பழைய முறை உண்டு. கொஞ்ச வயலுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, அதை எல்லாரும் பங்கிட்டு விதைப்பார்கள். தண்ணீர்ப் பஞ்சத்துக்கு ஊர் கண்ட அந்த வழி, காணிப் பஞ்சத்துக்கு வாய்க்கவில்லை. அறுவடையை மிசின் செய்வதால் கூலி நாட்களும் குறைந்துவிட்டன.

அந்த வீட்டில் எனக்குக் குடிக்கத் தந்தது கடையில் வாங்கிய வடிகட்டிய தண்ணீர். வட மத்திய மாகாணத்தில் 1990களில் தெரியவந்த சிறுநீரக நோய்க்குப் பயந்து கிணற்றுத் தண்ணீரை இப்போது பலரும் குடிப்பதில்லை. வீட்டு வாசலில் மகாவலி ஓட, குடிநீரைக் காசுக்கு வாங்குகிறார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

தமிழராக இந்த ஊர்களைப் பார்க்கும்போது முல்லைத்தீவுப் பக்கத்து மணலாறு நினைவுக்கு வராமல் இருக்காது. மகாவலி எல் வலயம் என்று பெயரிட்ட அந்த மண்ணிலிருந்து 1984இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். காணி இல்லாமல் தவிக்கும் இந்தக் கடைசி மகன் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இவரைப் போன்றவர்களின் காணிப் பசிக்கு இன்னொருவரின் ஊரைக் கொடுத்ததை என்னால் ஏற்கவே முடியாது. ஆற்றைத் திருப்புவது வேறு, குடிசனக் கணக்கைத் திருப்புவது வேறு.

மாலையில் தம்புத்தேகம பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போனேன். லொறிகள், வாழைக்குலை, மிளகாய், பூசணி, தராசு, சத்தம்! மூட்டை தூக்குகிறவர்கள், தரகர்கள், சாரதிகள், தேநீர்க்கடைப் பெண்கள் என்று நான் கதைத்தவர்களில் பலர் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள். வயல் இல்லாதவர்களுக்கு, வயலில் விளைந்ததைச் சுற்றி இத்தனை பிழைப்பு. ஓர் இளைஞரிடம் வயல் செய்ய விருப்பமா என்று கேட்டேன். விருப்பம்தானாம். ஆனால் காணி பெரியப்பா பெயரில் இருக்கிறது, அவருக்குப் பிறகு அவர் மகனுக்குத்தான் போகும் என்றார். அடுத்த மாதம் சாரதிப் பத்திரம் எடுத்துவிட்டு லொறி ஓட்டப் போகிறாராம்.