துணிப்பை மாதிரி ஒரு பிளாஸ்டிக் பை

ஜவுளிக்கடையில் கொடுக்கும் கலர் கலரான 'துணிப்பை' பெரும்பாலும் துணியே இல்லை. அது நான்-ஓவன், அதாவது நெய்யாமல் அழுத்திச் செய்த பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அதுவும் உண்டு.

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊடும் பாவுமாக நூல் ஓடினால் துணி. நூலே தெரியாமல் குட்டிக்குட்டிப் புள்ளியாக அழுத்தியிருந்தால் பிளாஸ்டிக். சந்தேகம் தீரவில்லையா? ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாகும். நான்-ஓவன் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டி உருண்டையாக நிற்கும். (சொட்டினால் கை வெந்துவிடும், கவனம்.) நாலு மாதம் வெயிலில் கிடந்தால் தொட்டதும் பொடிந்து உதிரும். கேரி பேக்கையாவது முழுசாகப் பொறுக்கலாம், இதைப் பொறுக்கவே முடியாது.

அதற்காக வீட்டில் இருபது மஞ்சப்பை சேர்ப்பதும் சரியில்லை. பருத்திக்குத் தண்ணீர், சாயம் எல்லாம் செலவு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் போட்ட கணக்குப்படி, ஒரு பருத்திப்பையை 131 தடவையாவது பயன்படுத்தினால்தான் புவி வெப்பமாதலில் ஒரே தடவை பயன்படுத்தும் சாதாரண கேரி பேக்கோடு சமன். இரண்டு பை போதும். பிடி தைத்த இடம்தான் முதலில் விடும், அங்கே குறுக்குத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். மீன், கறிக்குத் தூக்குவாளி.