மொத்த மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் போதாது

"எப்பப் பார்த்தாலும் போனும் கையுமா இருக்கான்" என்று தாத்தா சொல்லும்போது அவர் கண்ணில் படுவது குனிந்த தலை மட்டும்தான். அவர் காலத்தில் கடிதம் எழுதுவதும் செய்தித்தாள் படிப்பதும் பாட்டுக் கேட்பதும் நண்பனோடு அரட்டையடிப்பதும் வெவ்வேறு காட்சிகள். பக்கத்தில் இருப்பவருக்கு எது நடக்கிறது என்று கேட்காமலே தெரியும். இன்று அத்தனையும் ஒரே கருவியில், ஒரே தோற்றத்தில் நடக்கின்றன. அதனால் நேரத்தைக் குறைக்கச் சொல்வதற்கு முன்னால் அது எதில் போகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெரியவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் ஆய்வு 2019இல் வந்தது. செய்தவர்கள் ஜான் புராட்ஸ்கோ, ஜோனத்தன் ஸ்கூலர் என்ற உளவியலாளர்கள். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பில் நாட்டமில்லை' என்ற எண்ணம், நன்றாக வாசிக்கும் பெரியவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. அதிகாரத்துக்குப் பணிவதைப் பெரிதாக மதிப்பவர்களுக்கு, இளையவர்களிடம் மரியாதை குறைந்துவிட்டதாகத் தோன்றியது. இன்று தாம் இருக்கும் விதத்தை வைத்தே தம் காலத்துப் பிள்ளைகளையும் நினைத்துப் பார்ப்பது இதற்கு ஒரு காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். பெரியவர்களின் கவலை பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால், நினைவை நம்பி ஒப்பிடுவதைவிட எதிரில் இருக்கும் கணக்கைப் பார்ப்பது நல்லது.

அந்தக் கணக்கு போனிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்'. இரண்டுமே 2018இல் வந்தவை. பிள்ளையும் பெரியவரும் பக்கத்தில் உட்கார்ந்து திறக்க வேண்டும். பிள்ளைக்குத் தெரியாமல் எடுத்துப் பார்த்தால் அடுத்த நாளே கடவுச்சொல் மாறும், பேச்சும் நிற்கும். ஒரு நாள் கணக்கை நம்பக் கூடாது. பள்ளி நாளும் விடுமுறையும் கலந்த முழு வாரத்தைப் பாருங்கள்.

மொத்த எண் பல வழிகளில் ஏமாற்றும். திரையை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டால் அது கணக்கில் சேராது. வழிகாட்டும் வரைபடம் ஒரு மணி நேரம் திறந்திருந்தால் அது முழுதாகச் சேரும். ஐபோனில் எல்லாக் கருவிகளையும் சேர்த்துக் காட்டும் வசதி இயங்கினால், அண்ணனின் ஆப்பிள் கணக்கில் இயங்கும் ஐபேடில் தங்கை பார்த்த கார்ட்டூனும் அவன் பெயரில் ஏறிவிடும். யூடியூப்தான் பெரிய சிக்கல்: கணிதப் பாடமும் ஷார்ட்ஸும் அங்கே ஒரே எண்ணாக வரும். அதைப் பிரிக்க, செயலிக்குள் இருக்கும் பார்த்த வரலாற்றைத்தான் திறக்க வேண்டும்.

பிறகு நேரத்தை நான்காகப் பிரியுங்கள்: உருவாக்கியது, பேசியது, கற்றது, தானாக ஓடியதைப் பார்த்தது. பேச வேண்டியது பெரும்பாலும் நான்காவதைப் பற்றித்தான். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, தொடருக்கு 'தொடரும்' உண்டு. ரீல்ஸுக்கு அப்படி ஒரு முடிவே கிடையாது. மன உறுதி இல்லை என்று பிள்ளையைத் திட்டுவதைவிட, தானாக அடுத்த காணொளி ஓடுவதை அணைப்பதும், மனிதர்கள் அனுப்பாத அறிவிப்புகளை நிறுத்துவதும் அதிகம் பயன் தரும். எத்தனை முறை செயலி திறக்கப்பட்டது (ஐபோனில், எத்தனை முறை போன் கையில் எடுக்கப்பட்டது) என்ற எண்ணையும் பாருங்கள். நேரம் குறைவாகவும் திறந்த தடவை மிக அதிகமாகவும் இருந்தால், அங்கே சிதறுவது கவனம்.

வீட்டில் வெடிக்கும் சண்டைகள் பலவற்றுக்குக் காரணம் நிறுத்தச் சொல்லும் தருணம். பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. பாதியில் வெளியேறினால் அணி தோற்கும். சில விளையாட்டுகளில் தண்டனையும் உண்டு. 'இப்பவே வை' என்பதற்குப் பதில் 'இந்த ஆட்டம் முடிய எவ்வளவு நேரம் ஆகும்?' என்று கேளுங்கள். எல்லையையும் நிமிடத்தில் வைக்காமல் ஆட்டக் கணக்கில் வையுங்கள். ஸ்னாப்சாட் செயலியில் 'ஸ்ட்ரீக்' என்று ஒன்று உண்டு: நண்பர்கள் இருவர் எத்தனை நாள் விடாமல் ஒருவருக்கொருவர் படம் அனுப்பினார்கள் என்ற எண்ணிக்கை. இருவரும் 24 மணி நேரத்துக்குள் மாறி மாறி அனுப்பினால்தான் அது தொடரும். தண்டனையாக இரண்டு நாள் போனைப் பிடுங்கினால், பல மாதம் காத்த எண்ணிக்கை அறுந்துபோகும். பெரியவருக்கு அற்பமாகத் தெரிவது, பிள்ளைக்கு நட்பில் கொடுத்த வாக்கு.

பெரியவர்கள் சொல்வது முழுக்கச் சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. சின்னக் குழந்தைகள் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி 2 வயதுக்குள் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட வெளிச்சத்தில், வெளியில் ஓடியாடும் நேரம் உதவுகிறது என்பதும் உறுதியான செய்தி.

எல்லாவற்றையும்விட முக்கியம் தூக்கம். ஒரே ஒரு விதிதான் வைக்க முடியும் என்றால் நான் இதைத்தான் வைப்பேன்: இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். 'அலாரத்துக்கு வேணுமே' என்று பதில் வரும்; அதற்குத் தனிக் கடிகாரம் முதலிலேயே வாங்கி வையுங்கள். 'வகுப்புக் குழுவில் ராத்திரி குறிப்பு வரும்' என்றால், காலையில் கிளம்பும் முன் 15 நிமிடம் அதற்கென ஒதுக்குங்கள். அம்மா, அப்பா, தாத்தா போனும் அதே இடத்தில் இருக்க வேண்டும். பெரியவர் போன் தலையணைக்கடியில் இருக்கும் வீட்டில் இந்த விதி ஒரு வாரம்கூடத் தாங்காது.