பெங்களூரில் வீட்டுக் கடன்: அப்பா பணம் தந்தால் போதும், கடனில் சேர வேண்டாம்

பெற்றோர் உதவியோடு வீட்டுக் கடன் வாங்கப் போகிறவர்கள் வங்கிக்குப் போகும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். அப்பா பணம் மட்டும் தரப்போகிறாரா, கடனிலும் சேரப்போகிறாரா, பத்திரத்தில் அவர் பெயரும் வரப்போகிறதா? மூன்றும் வேறு வேறு. எங்களுக்குத் தேவைப்பட்டது முதலாவது மட்டும்தான். அதை இரண்டாவதாக மாற்றியது லோன் ஏஜென்ட். அதிலிருந்து வெளியே வரத்தான் எங்கள் நேரமெல்லாம் போனது.

ஹொரமாவில் 68 லட்சத்துக்கு ஒரு ரீசேல் பிளாட். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள கடனுக்கு, வீட்டின் மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். இது ரிசர்வ் வங்கியின் விதி. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். 54 லட்சம் கடன் கேட்டோம். மீதி 14 லட்சம் கையிலிருந்து போக வேண்டும். அதற்கு மேல் முத்திரைத் தீர்வை, செஸ், சர்சார்ஜ் எல்லாம் சேர்த்து 5.6 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் கடைசியில்தான் 1 சதவீதத்திலிருந்து இரண்டாக உயர்ந்தது, பழைய கணக்கை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். எங்களுக்கு இந்தச் செலவு மட்டும் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. என் சேமிப்பு பாதிக்குத்தான் வந்தது. பாக்கி பத்து லட்சத்தைத் தான் தருவதாக அப்பா சொன்னார்.

அப்பா கோவில்பட்டியில் இருக்கிறார், ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். பணம் தபால் நிலையத்தில், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருந்தது. அதில் தேவையான அளவு மட்டும் எடுக்க வழியில்லை, கணக்கையே முடிக்க வேண்டும். இரண்டு வருடம் தாண்டியிருந்ததால் 1 சதவீதம், அதாவது பத்தாயிரம் பிடித்தார்கள். ஒரு வருடம் தாண்டி இரண்டு வருடத்துக்குள் என்றால் ஒன்றரை சதவீதம் போயிருக்கும். அந்தத் தபால் நிலையத்தில் வேலை ஒரே நாளில் முடிந்தது.

சிக்கல் எல்லாம் இங்கேதான். "அப்பாவுக்குப் பென்ஷன் வருதே சார், அவரையும் கோ-அப்ளிகன்ட்டா போட்டுட்டா சாங்ஷன் சீக்கிரம் ஆயிடும்" என்றார் ஏஜென்ட். என் சம்பளத்துக்கே 54 லட்சம் கிடைக்கும் என்று சொல்லியும், ஃபைல் பலமாக இருக்கும் என்று அப்பாவின் பென்ஷனையும் வருமானத்தில் சேர்த்து அனுப்பிவிட்டார். சாங்ஷன் லெட்டர் வந்தபோது கடன் காலம் 20 வருடத்துக்குப் பதில் 9 வருடம் என்றிருந்தது. ஓய்வூதியரின் வருமானத்தைக் கணக்கில் எடுத்தால் அவருக்கு 75 வயது ஆவதற்குள் கடன் முடிய வேண்டும் என்பது அந்த வங்கியின் விதி. அப்பாவுக்கு வயது 66 ஆகிவிட்டது. 8.5 சதவீத வட்டியில் 46,900 ரூபாய்க்குள் முடிய வேண்டிய இஎம்ஐ 71,700 ஆகிவிட்டது. ஏஜென்ட் அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை.

கிளையில் கேட்டபோது, பென்ஷனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம், ஆனால் அப்பா ஒரு தடவை நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி. தூத்துக்குடி மைசூரு எக்ஸ்பிரஸில் இரவு முழுக்கப் பயணம் செய்து வந்தார். கவுன்ட்டரில் இருந்தவர் கார்டுகளைப் புரட்டிவிட்டு, "பெயர் ஒண்ணுக்கொண்ணு சேரல, சர்நேம் எது?" என்று கேட்டார். பான் கார்டில் தாத்தாவின் பெயர் முழுசாக இருக்கிறது. ஆதாரில் இனிஷியல் மட்டும். பென்ஷன் புத்தகத்தில் ஊர் இனிஷியலும் சேர்த்து, அதுவும் தமிழில். தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குச் சர்நேம் கிடையாது, அப்பா பெயரின் இனிஷியல்தான் என்று விளக்கிப் பார்த்தேன். ஃபைலை மூடி வைத்துவிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்பும் அஃபிடவிட்டும் கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு ஒரு கையெழுத்துகூட வாங்கவில்லை. "விடுப்பா, இன்னொரு நாள் வர்றேன்" என்று அப்பா சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாத்தியாராக ஊரே மதித்த மனிதரை, தன் பெயர் தன்னுடையதுதான் என்று நிரூபிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலமே முடிவு செய்தேன். அப்பாவைக் கடனிலிருந்து முழுக்க எடுத்துவிடுவது. அப்படியானால் புது விண்ணப்பம், புது பிராசஸிங் ஃபீஸ் என்றார்கள். வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் செய்திகளை இணைத்துக் கிளை மேலாளருக்கு மெயில் அனுப்பி, எந்த விதியின்படி இரண்டாவது கட்டணம் என்று எழுத்தில் கேட்டேன். பதில் போனில் வந்தது. அதே விண்ணப்பத்தைத் திருத்திக்கொள்ளலாம், கட்டணம் வேண்டாம், என் பெயரில் மட்டும் 20 வருடம். எழுத்தில் கேட்கத் தயங்காதீர்கள். எங்களுக்கு வேலை செய்தது அது ஒன்றுதான்.

அப்புறம் கிஃப்ட் லெட்டர், அதாவது பணத்தை அன்பளிப்பாகத் தருகிறேன் என்று அப்பா எழுதித் தரும் கடிதம். அப்பா பிள்ளைக்குத் தரும் பணத்துக்கு வருமான வரி இல்லை, உச்சவரம்பும் இல்லை. ஆனால் வங்கி வேறொன்றைப் பார்க்கிறது. இது கடனாக இருந்தால் உங்கள் திருப்பிக் கட்டும் திறன் குறையும் அல்லவா? அதனால் "திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் எந்த உரிமையும் கோரவில்லை" என்ற இரண்டும் கடிதத்தில் இருக்க வேண்டும். அப்பாவின் சேமிப்புக் கணக்கு ஸ்டேட்மென்ட்டையும், தபால் நிலையக் கணக்கை முடித்த ரசீதையும் கேட்டார்கள். பணம் எங்கிருந்து எங்கே போனது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும், ஆகவே கணக்கிலிருந்து கணக்குக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படியே கூடாது.

பெயர் விவகாரம் இங்கேயும் விடவில்லை. என் பான் கார்டில் உள்ள அப்பா பெயரும் அவருடைய ஆதாரும் பொருந்தவில்லை. இரண்டு பெயரும் ஒருவரே என்று கோவில்பட்டியில் நோட்டரியிடம் வாங்கிய அஃபிடவிட்டை, கர்நாடக இ-ஸ்டாம்ப் தாளில் வேண்டும் என்று திருப்பினார்கள். மாதிரி வாசகத்தை வங்கியிடமிருந்தே மெயிலில் வாங்கி, எந்த மாநில ஸ்டாம்ப் தாள் என்பதையும் கேட்டுக்கொண்டு அப்புறம் அடியுங்கள்.

வங்கிக்குத் தேவையில்லாத ஒரு வேலையும் செய்தோம். கிஃப்ட் லெட்டரின் நகலை அக்காவுக்கு அனுப்பினோம். அப்பா அம்மா இருவரும் இருக்கும்போதே அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் படித்துவிட்டு அம்மாவிடம் நெடுநேரம் பேசினாளாம்.

அதற்கப்புறம் இ-கத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டுச் சான்று), வில்லங்கச் சான்று, ஒரு சதவீத டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் தொகையில் பிடித்துக் கட்டும் வரி), பதிவு எல்லாம் தடையில்லாமல் முடிந்தன. கடைசியாக ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. முதல் விண்ணப்பத்துக்காக அப்பாவின் சிபில் அறிக்கையை (கடன் வரலாற்று அறிக்கை) வங்கி எடுத்துப் பார்த்திருந்தது, அந்த விசாரணை அவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. அவர் இப்போது இணை விண்ணப்பதாரர் இல்லை என்று வங்கியிடம் கடிதம் வாங்கினேன். இஎம்ஐ தொடங்கிய பிறகு அவருடைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். கடன் அவர் பெயரில் ஏறவில்லை.